ஸ்கூட்டரிலிருந்து விழுந்த கை

முதல் சொட்டு விழுந்ததை ராஜபுஷ்பம் பார்த்தாள், இரண்டாவதையும் பார்த்தாள், மூன்றாவது விழுவதற்குள் இடது கை நடுவிரலின் கணுவில் ஏதோ சுருக்கென்றது. இருக்காது. மருந்து இன்னும் குழாயின் நெளிவில்தான் இறங்கிக்கொண்டிருக்கிறது, ஊசி குத்தியிருக்கிற வலது கைக்கே வந்து சேரவில்லை, அதற்குள் இடது கை எப்படி வலிக்கும்? ஆனாலும் வலித்தது. வலித்ததா, இல்லை வலிக்குமோ வலிக்குமோ என்று அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் வலித்த மாதிரி இருந்ததா? விரலை மடக்கினாள். மடங்கியது. நீட்டினாள். நீண்டது. அவள் விரலோடு மல்லுக்கட்டுவதை நர்ஸ் பிளெஸ்ஸி பார்த்துவிட்டாளோ என்று கையைச் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள். பிளெஸ்ஸி பார்க்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். "பத்து இருபதுக்கு ஆரம்பிச்சிருக்கு அக்கா. முதல் தடவைங்கதுனால மெதுவாத்தான் விடுவோம், ஒரு மணி நேரம் ஆகும். மூச்சு முட்டுதா, குளிருதா, அரிக்குதா, எது செய்தாலும் இந்த பெல்லை அமுக்குங்க. உடனே நிறுத்திருவோம்." நிறுத்தினால் என்னாகும் என்று ராஜபுஷ்பம் கேட்டாள். "நிறுத்தினா மிச்சம் உள்ள போகாது. போனது போனதுதான்," என்று சிரித்துவிட்டு பிளெஸ்ஸி அடுத்த நாற்காலிக்குப் போனாள்.

போனது போனதுதான். அப்படியென்றால் ஒரு மணி நேரம் இருக்கிறது. ஒரு மணி நேரம் என்று சொல்ல முடியாது, ஒவ்வொரு சொட்டுக்கும் அது குறைந்துகொண்டே வருகிறது. இப்போது அமுக்கினால் பத்துச் சொட்டோடு போகும். பத்துச் சொட்டு என்ன செய்துவிடும்? இப்போது பதினைந்து. எண்ணாதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஹாலைப் பார்த்தாள். எட்டு நாற்காலிகள், எட்டும் பல் டாக்டரிடம் இருப்பது போலச் சாய்ந்து கொடுக்கிற நாற்காலிகள். பக்கத்தில் ஒரு பெரியவர் வாயைத் திறந்தபடி தூங்கினார். யாரோ எலுமிச்சம்பழச் சாதம் கொண்டுவந்திருந்தார்கள், ஸ்பிரிட் வாடையையும் தாண்டி அது மணந்தது. அவளுடைய நாற்காலிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் ஸ்டூலில் அவள் புருஷன் கனகவேல் உட்கார்ந்திருந்தார். மடியில் ஃபைல். ஃபைலின் மேல் இரண்டு கைகள். முப்பத்தோரு வருஷம் அரசு பஸ்ஸில் இருந்தவர், அதில் கடைசிப் பதினாறு வருஷம் செக்கிங் இன்ஸ்பெக்டர். டிக்கெட் எடுக்காதவன் முகம் எப்படியிருக்கும் என்று அவருக்குப் பஸ்ஸில் ஏறும்போதே தெரியும். பொய் சொல்கிறவனைப் பார்த்தால் கோபம்கூட வராது, ஒரு மாதிரி அருவருப்பு வரும் அவருக்கு. அந்த மனுஷன்தான் பன்னிரண்டு நாளைக்கு முன்னால் இதே ஆஸ்பத்திரியில், டாக்டரின் அறையில், கண்ணைக்கூடச் சிமிட்டாமல் ஒரு பொய் சொன்னார்.

டாக்டர் இஸ்மாயில் அவளுடைய இடது மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். லேசாக வெளிப்பக்கம் கோணியிருக்கும், உற்றுப் பார்த்தால்தான் தெரியும், அவர் உற்றுப் பார்த்தார். "இது என்னம்மா?" அதற்கு ஒரு பதிலை அவள் கோவில்பட்டியிலிருந்தே தயார் பண்ணிக்கொண்டு வந்திருந்தாள், பஸ்ஸில் மனதுக்குள் ஏழெட்டுத் தடவை சொல்லிப் பார்த்திருந்தாள், ஆனால் கேட்டதும் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் கனகவேல் சொன்னார். "ஸ்கூட்டர்லேருந்து விழுந்துட்டா சார். ரொம்ப வருஷம் ஆச்சு." அவளுக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது. டாக்டர் எழுதிக்கொண்டார். எழுதியபடியே கேட்டுக்கொண்டு போனார்: முடக்குவாதம் உண்டா, தைராய்டு உண்டா, குடலில் புண், தோலில் படை, உடம்பே உடம்பைத் தாக்குகிற மாதிரி எந்த நோயாவது எப்போதாவது வந்ததுண்டா. இல்லை சார், இல்லை சார் என்று ஒவ்வொன்றுக்கும் அவள் தலையாட்டினாள். முடக்குவாதத்துக்கு மட்டும் இரண்டு தடவை ஆட்டிவிட்டாளோ? ஒரு தடவை ஆட்டியிருந்தால் இயல்பாக இருந்திருக்கும். அந்த இரண்டாவது ஆட்டல் பன்னிரண்டு நாளாக அவள் கழுத்திலேயே நிற்கிறது.

சொல்லியிருந்தால் கொடுத்திருக்க மாட்டார்கள், அதுதான் விஷயம், அதில் சந்தேகமே இல்லை. அதற்கு முந்தின ஆஸ்பத்திரியில் சொன்னாள், எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி சொன்னாள், என்ன கிடைத்தது? புற்றுநோய் என்று இடது சிறுநீரகத்தை எடுத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நுரையீரலில் ஆறு இடத்தில் மிளகு மாதிரி இருக்கிறது என்றார்கள். மாத்திரை கொடுத்தார்கள். உள்ளங்கால் தோல் உரிந்ததுதான் மிச்சம், ஆறு மிளகு ஒன்பது சுண்டைக்காய் ஆகியது. இனி ஒரு மருந்துதான் இருக்கிறது, ஆனால் உங்களுக்கு ஒத்துவராது, பழைய வாதம் திரும்பிவிடும், நான் கொடுக்க மாட்டேன் என்று அந்த டாக்டர் ஃபைலை மூடினார். மூடின சத்தம்கூட ஞாபகம் இருக்கிறது. அந்த மருந்துதான் இப்போது இறங்குகிறது. தண்ணீர் மாதிரிதான் இருக்கிறது. நிறமே இல்லை. இதற்கா இவ்வளவு?

இஸ்மாயில் டாக்டர் ஸ்கேன் கவரின் பின்பக்கத்தில் படம் போட்டுச் சொல்லிக் கொடுத்தார். ரத்தத்தில் டி செல் என்று ஒரு வகை உண்டு, காவல்காரர்கள், உடம்பு முழுக்கச் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். எதிரில் வருகிற ஒவ்வொரு செல்லையும் தொட்டுப் பார்ப்பார்கள். நம்முடைய செல் என்றால் அது ஒரு சைகை காட்டும், நான் நம்ம ஆள்தான், அடங்கு என்று. டி செல்லின் மேல் அந்தச் சைகையை வாங்கிக்கொள்வதற்கென்றே ஒரு கொக்கி இருக்கிறது. சைகை கொக்கியில் விழுந்ததும் டி செல் அடங்கிவிடும், அடுத்ததைப் பார்க்கப் போய்விடும். "புற்றுநோய் செல் கெட்டிக்காரத்தனமா அதே சைகையைக் கத்துக்கிச்சும்மா. அதனால அது பக்கத்துல போய் நின்னும் உங்க டி செல் அடிக்காம நிக்குது. இந்த மருந்து அந்தக் கொக்கியை மூடிரும். சைகை விழாது. அடிக்க ஆரம்பிச்சிரும்." எவ்வளவு தெளிவாகச் சொன்னார். தலையாட்டியபடி அவள் நினைத்துக்கொண்டிருந்தது வேறொன்றை. இதே படத்தை அவள் ஏற்கெனவே பார்த்திருக்கிறாள். திருநெல்வேலியில், பதினோரு வருஷத்துக்கு முன்னால், வாத நோய்க்கென்றே இருக்கிற ஒரு டாக்டரம்மா மருந்துச் சீட்டின் ஓரத்தில் இதே வட்டத்தைப் போட்டு இதே டி செல் என்று எழுதினார். "உங்களுக்கு அடங்குங்கற சைகை பத்தலை. அதனால அது உங்க மூட்டையே எதிரின்னு நினைச்சு அடிக்குது. அந்தச் சைகையை வெளியிலேருந்து ஊசியாக் கொடுக்கப்போறோம்." அங்கே அடங்கு என்பதை ஊசியில் ஏற்றினார்கள், இங்கே அடங்கு என்பதைக் காதில் விழாமல் பண்ணுகிறார்கள். அதே டி செல்கள். அவளுடைய விரல்களைத் தின்று ருசி கண்டவை. மூன்று வருஷமாகத்தான் வாதத்துக்கென்று ஊசி மாத்திரை எதுவும் இல்லாமல் சும்மா கிடக்கின்றன. அவற்றை எழுப்புகிறோம். எழுந்ததும் அவை எங்கே போகும்? நுரையீரலுக்குத்தான் போகும் என்று யார் சொன்னது? பழகின வீடு இங்கே இருக்கிறதே, இந்த விரல் கணுக்களில்.

மறுபடி நடுவிரல். இந்தத் தடவை வலது கை. பத்து முப்பத்தாறு.

நாற்பது வயதில் ஒரு கல்யாணப் பெண்ணுக்குப் புருவம் திருத்திக்கொண்டிருந்தபோதுதான் முதலில் நூல் நழுவியது. வீட்டின் முன்னறையில் பியூட்டி பார்லர், இரண்டு கண்ணாடி, ஒரு சுழல் நாற்காலி, அவள் கைபட்ட புருவம் என்றால் கோவில்பட்டியில் தனியாகத் தெரியும். ஒரு முனையைப் பல்லில் கடித்து, இரண்டு கை விரலிலும் நூலை முறுக்கி, திறந்து மூடும்போது ஒவ்வொரு ரோமமாக வரவேண்டும். அன்றைக்கு நூல் நழுவி அந்தப் பெண்ணின் இமையைக் கீறிவிட்டது. மறுநாள் காலையில் கை திறக்கவில்லை. மாமியார் சரவாங்கி, மூட்டுவாதம் என்றாள், எண்ணெய் தேய்க்கச் சொன்னாள். நாலே மாதத்தில் விரல் ஒவ்வொன்றும் அவித்த பனங்கிழங்கு மாதிரி வீங்கி, ஜாக்கெட் ஊக்கு போட முடியாது, தம்ளர் தூக்க முடியாது, கக்கூஸ் போனால் கழுவ முடியாது. இரண்டு வருஷம். பிள்ளை இல்லை. எல்லாம் கனகவேல்தான். அதிகாலை நாலரைக்கு எழுந்து அவளைக் குளிப்பாட்டி, தலை வாரி, பின்னத் தெரியாமல் ரப்பர் பேண்டைப் போட்டு, இட்லியைப் பிட்டு வாயில் வைத்து, பிறகுதான் டியூட்டிக்குப் போவார். ஒன்றும் பேச மாட்டார். பேசாமல் செய்தது பெரிய மனசினாலா, வெறுத்துப்போனதாலா என்று அவளுக்கு அன்றைக்கும் தெரியவில்லை. ஊக்கு மாட்டும்போது அவருடைய விரல் முதுகில் படும், குளிர்ந்து இருக்கும். மாட்டி முடித்ததும் சட்டென்று எடுத்துக்கொள்வார். ஒரு நாள், மழை நாள், மத்தியானம், இரண்டு தலையணையில் இரண்டு மணிக்கட்டையும் வைத்துக்கொண்டு அவள் படுத்திருந்தாள், தூங்குகிறாள் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். அடுப்படியில் நின்று அக்காவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். "இதுக்கு ஒரு முடிவே கிடையாதாக்கா."

அவ்வளவுதான். அதற்கு முன்னால் என்ன பேசினார், பின்னால் என்ன பேசினார், மழையில் கேட்கவில்லை. இது மட்டும் கேட்டது. எது முடியவேண்டும்? நோயா? அவளா? பிறகு திருநெல்வேலி ஊசி வந்தது, வீக்கம் வடிந்தது, நூல் மறுபடி கைக்கு வந்தது, பார்லரில் மூன்றாவது கண்ணாடி போட்டாள், மாமியாரும் போய்ச் சேர்ந்தாள், அந்த வாக்கியத்தை மட்டும் அவள் அவரிடம் கேட்கவேயில்லை. கேட்டால் எப்போது சொன்னேன் என்பார். உண்மையிலேயே மறந்திருப்பார். மறக்காமல் வைத்திருப்பது அவள்தான். பன்னிரண்டு நாளாக அது அந்த ஸ்கூட்டர் பொய்யோடு போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஏன் சொன்னார் அந்தப் பொய்யை? அவள் பிழைக்க வேண்டும் என்பதற்காக. ஆமாம், வேறெதற்கு? ஆனால் வாதம் திரும்பும் என்று அவருக்குத் தெரியும், அந்த முந்தின ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னதை அவரும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார், வாதம் மட்டுமில்லை, அந்த டி செல்கள் கிளம்பினால் இதயத்தில்கூடப் போய் உட்காரும், அரிதுதான், ஆனால் நடக்கும் என்று சொன்னதையும் கேட்டார். கேட்டுவிட்டு ஸ்கூட்டர் என்றார். ஒரு முடிவு கிடையாதா என்று கேட்ட அதே வாய். சீ. என்ன புத்தி இது. ஊசி ஏறுகிற நேரத்தில் கட்டின புருஷனைப் பற்றி நினைக்கிற நினைப்பா இது? ஆனால் நினைப்பு வந்துவிட்டது, போ என்றால் போகவில்லை, அது போய்ப் போய் அதே இடத்தில் இடித்துக்கொண்டு நின்றது. நான் தயார் பண்ணிய பொய்தானே அது? நான் சொல்ல முடியாமல் நின்றதைத்தானே அவர் எடுத்துச் சொன்னார்? இல்லை, நான் தயார் பண்ணியது வேறு, குழந்தையிலிருந்தே இப்படித்தான் என்று. ஸ்கூட்டர் அவருடையது. அவரும் தனியாக உட்கார்ந்து ஒன்றைத் தயார் பண்ணியிருக்கிறார். பஸ்ஸில், அவளுக்குப் பக்கத்து சீட்டில், அவளைப் போலவே, சத்தமில்லாமல்.

பத்து நாற்பத்தெட்டு. பை பாதிக்குச் சுருங்கிவிட்டது. நெஞ்சு படபடத்தது. இது அதுவா? பயந்தாலும் இப்படித்தான் படபடக்கும். பயத்துக்கு எது, மருந்துக்கு எது என்று எப்படிப் பிரிப்பது? இனிமேல் மாதக்கணக்கில் இதுதானே வேலை. காலையில் விரல் விறைத்தால் அது மருந்தா, தூங்கின வாக்கா. வீங்கினால் யாரிடம் சொல்வது? இங்கே சொல்ல முடியாது. சொன்னால் அடுத்த ஊசி கிடையாது. மெடிக்கலில் அந்தச் சின்ன வெள்ளை மாத்திரையை வாங்கி இரண்டாகப் பிட்டுப் போட்டுக்கொள்ளலாம், முன்னே போட்டதுதான், வீக்கம் வடிந்துவிடும், ஆஸ்பத்திரிக்கு வரும்போது கை நன்றாக இருக்கும். அது டி செல்லை மறுபடி அடக்கிவிடும் என்பது தெரியாமல் இல்லை. அப்புறம் இந்த மருந்து எதற்கு? ஒரு கையால் எழுப்பி இன்னொரு கையால் அமுக்குவதா?

அப்போது கனகவேல் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்தார். சேலைத் தலைப்புக்குள் இருந்த அவளுடைய இடது கையை வெளியே எடுத்தார். ஆள்காட்டி விரலின் கணுவைத் தம்முடைய கட்டைவிரலால் மெதுவாக அமுக்கிப் பார்த்தார். அடுத்து நடுவிரல். அடுத்தது. அந்த இரண்டு வருஷமும் தினம் காலையில் அவர் செய்ததுதான். எந்தக் கணுவில் அவள் முகம் சுளிக்கிறாள் என்று பார்த்து, அன்றைக்கு எந்தக் கையை விட்டுவிட்டு எந்தக் கையைப் பிடித்துத் தூக்குவது என்று முடிவு பண்ணுவார்.

"வலிக்கா?"

"இல்ல."

"நெசமாத்தானா?"

"இல்லங்கேன்ல."

அவர் அவளுடைய முகத்தைப் பார்த்தார். டிக்கெட் கேட்கும்போது பார்க்கிற பார்வை இல்லை. அவரே டிக்கெட் இல்லாமல் ஏறிவிட்டவர் போல இருந்தது அந்த முகம். மூன்று நாள் ஷேவ் பண்ணாத தாடி, கண்ணுக்குக் கீழே கறுப்பு. ராஜபுஷ்பத்துக்கு அந்த நிமிஷம் ஒன்று தெரிந்தது. அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால், நாளைக்கோ அடுத்த மாதமோ, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவள் சாய்ந்துவிட்டால், இந்த மனுஷன் என்னவென்று நினைப்பார்? நோய் கொன்றது என்றா? நான் ஒரு வார்த்தை சொன்னேன், அந்த வார்த்தை கொன்றது என்றுதான் நினைப்பார். அதை யாரிடமும் சொல்லவும் மாட்டார். அவர் என்ன நினைத்துச் சொன்னாரோ, அது எப்படி வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகட்டும். அவள் பிழைத்துக் கிடந்தாலும், தினம் காலையில் விரலை அமுக்கிப் பார்ப்பார், அவள் வலிக்கவில்லை என்பாள், அவர் நம்பாமல் நம்பியதாகக் காட்டுவார். அவரிடம்கூட ஒளித்து ஒளித்து வலிக்க வேண்டியிருக்கும். உயிரோடு இருப்பதற்கு இது என்ன வழி?

பெல்லை அமுக்கினாள்.

பிளெஸ்ஸி ஓடிவந்தாள். "என்ன அக்கா, மூச்சு முட்டுதா?"

"இல்ல சிஸ்டர். டாக்டர்ட்ட ஒண்ணு சொல்லணும். அதை முதல்ல நிறுத்துங்க."

குழாயின் சக்கரத்தைத் திருகியதும் சொட்டு நின்றது. கனகவேல் எழுந்து நின்றுவிட்டார். "புஷ்பம்," என்றார், "வேண்டாம்." இஸ்மாயில் டாக்டர் வர எட்டு நிமிஷம் ஆகியது. அவர் நாடி பார்த்தார், பிரஷர் பார்க்கச் சொன்னார், பிறகு என்னம்மா என்று கேட்டார். அவள் சொன்னாள். பனங்கிழங்கு மாதிரி வீங்கியதிலிருந்து திருநெல்வேலி ஊசி வரைக்கும், மற்ற ஆஸ்பத்திரியில் மாட்டேன் என்றது வரைக்கும், நிறுத்தாமல் சொன்னாள். பக்கத்து நாற்காலிப் பெரியவர் விழித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். டாக்டரின் முகம் கறுத்தது.

"நான் ஒவ்வொண்ணாக் கேட்டேன்ல?"

"கேட்டீங்க சார்."

"சொன்னா தரமாட்டேன்னு நினைச்சீங்களா?"

"அவங்க தரலையே சார்."

"சில பேர் தரமாட்டாங்க. அவங்க பயத்துலயும் நியாயம் இருக்கு. நான் தந்திருப்பேன்." அவர் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். "வாத டாக்டரைக் கூட வச்சுக்கிட்டுத் தந்திருப்பேன். உங்களை மாதிரி ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு வாதம் திரும்பும். முக்காவாசி சமாளிக்கிற மாதிரிதான் வரும். சமாளிக்க முடியாமப் போறதும் உண்டு, இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா தெரிஞ்சு குடுக்கறது வேற. விரல் வீங்குனா நீங்க வீட்டுல ஏதாவது மாத்திரையப் போட்டு மறைப்பீங்க. அந்த மாத்திரை இந்த மருந்தையும் கெடுக்கும். உள்ள வேற எங்கயாவது தாக்குனாலும் எனக்குத் தெரியாமப் போயிரும்." அவர் கனகவேலின் பக்கம் திரும்பினார். "ஸ்கூட்டர்னு நீங்கதான சொன்னீங்க?"

"ஆமா சார்."

"ஏன்?"

கனகவேல் ஃபைலை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். ராஜபுஷ்பத்துக்கு மூச்சு நின்றுவிட்டது போலிருந்தது, மருந்தினால் இல்லை.

"வாதம் வந்தா நான் பாத்துக்குவேன் சார்," என்றார். "குளிப்பாட்டி, சோறூட்டி, அதெல்லாம் எனக்குத் தெரிஞ்ச வேலை. ரெண்டு வருசம் செஞ்சேன். இவ இல்லாம இருக்கறதுதான் எனக்குத் தெரியாது."

பிளெஸ்ஸி பையின் கயிற்றைச் சரிபண்ணினாள், சரியாகத்தான் இருந்தது. டாக்டர் போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார், யாருடனோ கால் மணி நேரம் பேசினார், திருநெல்வேலி என்ற சொல் இரண்டு தடவை கேட்டது. திரும்பி வந்து, திங்கட்கிழமை வாத டாக்டரைப் பார்க்க வேண்டும், வாரா வாரம் ரத்தம் கொடுக்க வேண்டும், விரல் விறைத்தால் அன்றைக்கே போன் பண்ண வேண்டும் என்றார். "இப்ப சொல்லுங்கம்மா. மிச்சத்தை விடவா, வேண்டாமா? வேண்டாம்னாலும் நான் கோவிச்சுக்க மாட்டேன்."

அவளுக்குப் பயம் போகவில்லை. இரண்டு பேரில் ஒருத்தருக்கு. அந்த ஒருத்தி தானாகத்தான் இருப்பாள் என்று அவளுக்கு நிச்சயமாகத் தோன்றியது. விரல்களைப் பார்த்தாள்.

"விடுங்க சார்."

பதினொன்று இருபத்தைந்துக்குச் சொட்டு மறுபடி விழுந்தது. கனகவேல் ஸ்டூலில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் அவருடைய தலை முன்னால் சரிந்தது, நிமிர்ந்தது, மறுபடி சரிந்து அவளுடைய நாற்காலியின் கைப்பிடியில், ஊசி குத்தியிருந்த கைக்குப் பக்கத்தில் சாய்ந்துவிட்டது. இரண்டாவது நிமிஷமே குறட்டை. பன்னிரண்டு நாளாக இந்த மனுஷன் தூங்கவேயில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பிளெஸ்ஸி வந்து, "அக்கா, ஊசி அசையும், எழுப்பிவிடவா?" என்றாள்.

"இருக்கட்டும் சிஸ்டர்," என்றாள் ராஜபுஷ்பம். "நான் பாத்துக்கிடுதேன்."

மிச்ச நேரம் முழுக்க அந்தக் கையை அவள் அசைக்கவில்லை.